கத்துகிற பறவையை விடுங்கள், கத்தாததைக் கவனியுங்கள்

கேள்வி இதுதான். வீட்டுப் பூனை மதில்மேல் நடந்தாலே தவிட்டுக்குருவிகளும் காகங்களும் ஊரைக் கூட்டுகின்றன. அதே மதிலுக்கு மேலே ஏ.சி. பெட்டியின் மறைவில் கூடு வைத்திருக்கும் மணிப்புறா அசைவதே இல்லை. வராந்தாக் கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸ் ஜோடியோ, பூனை கீழே வந்து உட்கார்ந்தால் சத்தமே போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்? கூண்டில் இருப்பவை பூனைக்குப் பழகிவிட்டனவா?

பழகவில்லை. மூன்றுக்கும் பயம் உண்டு. காகத்துக்குச் சிறகும் இருக்கிறது, ஆள்பலமும் இருக்கிறது, அதனால் கத்துகிறது. அசையாமல் இருந்தால் பூனையின் கண்ணில் படமாட்டோம் என்ற கணக்கில் புறா உட்கார்ந்திருக்கிறது. கூண்டுப் பறவைக்கு இரண்டு வழியும் இல்லை. அதனால் உடனே கவனிக்க வேண்டியது கூண்டைத்தான். அவசரம் உள்ளவர்கள் நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூனை நாயைப்போல ஓடித் துரத்திப் பிடிப்பதில்லை. பதுங்கிப் பதுங்கி அருகில் வந்து, கடைசி ஓரிரு மீட்டரை ஒரே பாய்ச்சலில் கடக்கும். பறவை தன்னைப் பார்க்காதவரைதான் அதற்கு வாய்ப்பு. பார்த்துவிட்டது என்று தெரிந்தால் பெரும்பாலும் வேட்டையைக் கைவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்துவிடும். பறவைகள் போடும் கூச்சலின் பயன் இங்கேதான் இருக்கிறது. பூனைக்கு அது, ‘உன்னைப் பார்த்தாயிற்று, நடையைக் கட்டு’ என்ற அறிவிப்பு. அக்கம்பக்கத்துப் பறவைகளுக்கு எச்சரிக்கை. கூட இருக்கும் குஞ்சுகளுக்கோ, எதற்குப் பயப்பட வேண்டும் என்ற பாடம். இப்படிக் கூட்டமாகச் சேர்ந்து கத்துவதையும் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து விரட்டுவதையும் கும்பல் விரட்டல் என்று சொல்லலாம்.

இந்தக் கூச்சலைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் நமக்கும் பயன் உண்டு. பறவைகளின் எச்சரிக்கைக் குரல் இரண்டு வகை என்று விலங்குகளின் குரல்களை ஆராய்ந்த பீட்டர் மார்லர் 1955-இல் எழுதினார். வானத்தில் பருந்தினம் வரும்போது சிறு பறவைகள் எழுப்புவது மெல்லிய, உச்சத்தில் நீளும் ஒரு விசில். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். குரல் கொடுத்த பறவை மாட்டிக்கொள்ளாது. தரையில் பூனையையோ பகலில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையையோ பார்த்தால் எழும் குரல் கரகரப்பாக, விட்டுவிட்டு, அடித்து வரும். அதன் இடம் எல்லோருக்கும் உடனே தெரியும். தெரிந்தால்தானே மற்றவை வந்து சேர முடியும்? நம் தோட்டத்திலும் இதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சளசளத்துக்கொண்டிருந்த மரம் சட்டென்று அடங்கிப்போனால் மேலே பாருங்கள், வல்லூறு சுற்றலாம். ஒரே புதரைச் சுற்றி இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் கீழே பாருங்கள். பூனை, பாம்பு, கீரி மூன்றில் ஒன்று இருக்கும். வட அமெரிக்காவில் சிக்கடி என்ற ஒரு சின்னஞ்சிறு குருவி இதையும் தாண்டிப் போகிறது. எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அதற்கேற்பத் தன் அழைப்பின் கடைசியில் வரும் ‘டீ’ ஓசைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன்னை எளிதில் பிடிக்கக்கூடிய சிறு ஆந்தைக்கு நிறைய ‘டீ’, குருவி பின்னால் அலையாத பெரிய ஆந்தைக்குக் குறைவு.

நம் வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளில் பூனையை அதிகம் வெறுப்பது தவிட்டுக்குருவி என்பேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. அது தரையில் சருகைக் கிளறிப் பிழைக்கிற பறவை. பலமாகப் பறக்கத் தெரியாது. தத்தித் தத்திப் போய் அடுத்த மரத்தில் விழுவதுபோலத்தான் பறக்கும். பூனைக்கு இதைவிட வசதியான இரை ஏது? அதனால் அது தனியாக வாழ்வதே இல்லை. ஆறேழு, சில சமயம் பத்துக்கும் மேல், ஒரு குடும்பமாகத் திரியும். மற்றவை தலையைக் கவிழ்த்து இரை தேடும்போது ஒன்றாவது சற்று உயரத்தில் உட்கார்ந்து காவல் பார்க்கும். காவல் பறவை குரல் கொடுத்ததும் எல்லாம் கிளைக்கு ஏறி, பூனை நகர நகரக் கூடவே கிளை கிளையாகத் தொடர்ந்து, எல்லை தாண்டும்வரை விடாது திட்டும். கூடவே அணிலும் வாலை உதறிக்கொண்டு ‘கிச் கிச்’ என்று ஆரம்பித்தால் போதும், பூனைக்கு அன்றைய பிழைப்பு அவ்வளவுதான். அணில் சத்தத்தைக் குருவிகளும் குருவிச் சத்தத்தை அணிலும் பயன்படுத்திக்கொள்வதைத் தோட்டம் உள்ள எவரும் பார்க்கலாம்.

காகத்தின் கதை வேறு. வளர்ந்த காகத்தைப் பூனை பிடிப்பது அபூர்வம். அது காகத்துக்கும் தெரியும். சாதாரண நாட்களில் அது பூனையைப் பயமாகப் பார்ப்பதைவிடப் பிழைப்பாகப் பார்க்கிறது. பூனைக்கு வைத்த மீன் தலையைத் திருட ஒன்று பின்னால் போய் வாலைக் கொத்தி இழுக்க, பூனை திரும்பும் நேரத்தில் இன்னொன்று எடுத்துக்கொண்டு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சு இருக்கும் கோடை மாதங்களில்தான் இந்த விளையாட்டு வினையாகிறது. அப்போது பூனை மரத்தடிக்கு வந்தாலே முதுகில் கொத்து விழும். அதிலும் பூனையின் வாயில் கறுப்பாக ஏதாவது தொங்கினால் தொலைந்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் வளர்த்த காக்கை இனப் பறவைகள், அவர் கையில் ஈரமான கறுப்பு நீச்சலுடை தொங்குவதைப் பார்த்து அவரையே தாக்க வந்தன. கறுப்பாகத் தொங்குவது எதுவாக இருந்தாலும் அவற்றின் கண்ணுக்கு அது இறந்துபோன சொந்தம். கீழே விழுந்த காகக் குஞ்சைக் கருணையோடு கையில் எடுத்தவர் தலையில் கொத்து வாங்குவதற்கும் இதுவே காரணம்.

காகங்கள் மறப்பதும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு குறிப்பிட்ட முகமூடியை மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து விட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள், அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்துகொண்டு கத்தின. பிடிபடாத காகங்களும், பிறகு பிறந்தவையும்கூட அதில் சேர்ந்துகொண்டன. அது அமெரிக்கக் காகம். நம் ஊர்க் காகம் வேறு இனம். ஆனாலும் தெருவில் மூன்று பூனை இருக்க ஒன்றை மட்டும் காகங்கள் குறிவைத்துத் துரத்துகிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவேன். அந்தப் பூனைக்கு ஒரு முன்கதை இருக்கும்.

கரிச்சானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரட்டைவால் குருவி என்றும் சொல்கிற அந்தக் கறுப்புப் பறவைக்கு உருவம் கையளவு, தைரியம் கழுகளவு. கூட்டுக்குப் பக்கத்தில் காகம், பருந்து, பூனை எது வந்தாலும் செங்குத்தாகப் பாய்ந்து கொத்தும். அந்தப் பாதுகாப்பை நம்பியே சின்னானும் புறாவும் மாங்குயிலும் கரிச்சான் இருக்கும் மரத்திலேயே கூடு வைக்கும். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் கொண்டைக் கரிச்சானைக் கவனித்த ஈபன் குட்டேலும் சரத் கொட்டகமவும், ஆபத்து நேரத்தில் அது எதிரிகளின் குரலையும் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் அப்படியே போலச் செய்து பாடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காட்டில் பல இனங்கள் ஒன்றாகக் கூட்டம் சேர்ந்து இரை தேடும். எல்லாருக்கும் புரிகிற குரலில் ஆபத்தைச் சொல்ல வல்லது இந்தப் பறவை.

தையல்சிட்டு, தேன்சிட்டு, சின்னான் இவையெல்லாம் கத்துவதோடு சரி, நெருங்கித் தாக்கப் போகாது. ஆனால் தையல்சிட்டின் தொண்டை அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பெரியது. ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடுவதால் இன்னும் பாடுபடும். தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தும், பாயும். சில நேரம் முட்டை இல்லாத இடத்தில் போய் அடிபட்டதுபோல நடித்து எதிரியைத் திசை திருப்பும்.

மைனாவிடம் நான் மிகவும் மதிப்பது அதன் ஞாபகத்தை. நம் ஊர் மைனாவை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் விட்டு, அது அங்கே பெருகி, இப்போது அவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. அதனாலேயே அங்கே அதை ஆராய்கிறார்கள். ஆண்ட்ரியா கிரிஃபின் என்பவர் நடத்திய சோதனைகளில், ஒரு மைனா ஓரிடத்தில் பிடிபடுவதை மற்றொரு மைனா பார்த்தால் போதும், பார்த்தது அந்த இடத்தைப் பற்றி எச்சரிக்கை அடைகிறது என்று தெரியவந்தது. தனக்கு எதுவும் நேர வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒருமுறை பூனை ஒரு மைனாவை அடித்த மூலைக்குப் பிறகு மைனாக்களே வருவதில்லை என்று சிலர் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி, கத்தாத பறவைகள்.

மணிப்புறா நாலு குச்சியை வைத்துக் கூடு என்று பெயர் பண்ணும். ஜன்னல் திண்டு, பூந்தொட்டி, ஏ.சி. பெட்டி, எங்கே இடம் கிடைத்தாலும் சரி. அதற்குக் கூட்டம் கிடையாது, கூர்மையான அலகு கிடையாது, கத்தினால் கூடு இருக்குமிடம்தான் வெளியே தெரியும். அதனால் கடைசி நொடிவரை கல்லாக உட்கார்ந்திருக்கும். பூனையின் பார்வை அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். அசையாத சாம்பல்நிற உருவத்தைத் தாண்டிப் போக நிறைய வாய்ப்பு உண்டு. மிக நெருங்கிவிட்டால் படபடவென்று சிறகு அறைந்து எழும். அந்த ஓசையே மற்றப் புறாக்களுக்கு எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவின் கொண்டைப்புறாவில் எட்டாவது சிறகிறகு தனியாக மெலிந்து அமைந்திருப்பதையும், வேகமாக எழும்பும்போது அது தரும் ஓசையில்தான் மற்றவை பறந்தோடுகின்றன என்பதையும் 2017-இல் கண்டறிந்தார்கள். தொண்டையால் கத்தாமல் சிறகால் கத்துகிறது, அவ்வளவுதான்.

புறாவிடம் இன்னொரு வித்தையும் உண்டு. பூனை பின்னாலிருந்து பிடித்தால் வாலிறகுகள் கொத்தாகக் கழன்று பூனையின் வாயோடு போய்விடும். புறா மொட்டை வாலோடு பறந்துவிடும். பயத்தில் இறகை உதிர்க்கும் இந்தத் தந்திரம் சின்னான் போன்ற பறவைகளிடமும் இருக்கிறது. மொட்டை மாடியில் ரத்தமே இல்லாமல் ஒரு பிடி வாலிறகு மட்டும் கிடந்தால், பறவை தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உதிர்ந்தவை சில வாரங்களில் முளைத்துவிடும்.

சிட்டுக்குருவிகள் பாதிக் கத்தும், பாதி ஓடும். ஆபத்து என்றால் அடர்ந்த புதருக்குள் போய் ஒளிவது அவற்றின் வழக்கம். சிக்கல் என்னவென்றால் பூனைக்கும் அதே புதர் பிடிக்கும். தானியம் வைக்கும் தட்டைப் புதரை ஒட்டி வைக்காமல் இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். குருவிக்கு ஓடி ஒளியும் தூரம், பூனைக்கு ஒரே பாய்ச்சலில் எட்டாத தூரம்.

பூனை என்றால் பயப்பட வேண்டும் என்பது பிறவியிலேயே வருமா? ஓரளவுதான் வரும். மீதி கற்றுக்கொள்வது. ஜெர்மனியின் போகும் (Bochum) நகரப் பல்கலைக்கழகத்தில் எபர்ஹார்ட் கூரியோ 1978-இல் வெளியிட்ட சோதனை இதில் புகழ்பெற்றது. கரும்பறவை என்ற மைனா அளவுப் பறவை ஒன்று ஆந்தையைப் பார்த்துக் கத்துகிறது. எதிர்க்கூண்டில் இருக்கும் இன்னொன்றுக்கு அந்த ஆந்தை தெரியாது. அதற்குக் காட்டப்பட்டது தீங்கற்ற ஓர் அயல்நாட்டுப் பறவை. ‘ஓ, இதைப் பார்த்துத்தான் கத்துகிறான்’ என்று அது முடிவு கட்டிக்கொண்டு, பிறகு அந்த அப்பாவிப் பறவையைக் கண்டாலே கத்தத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக்கூட இதே வழியில் எதிரியாக்க முடிந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் வருகிறது. காற்றில் விழுந்த மைனாக் குஞ்சையோ சின்னான் குஞ்சையோ எடுத்துக் கையால் ஊட்டி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் தாய் தந்தை கத்துவதைப் பார்க்காமல் வளர்ந்த அந்தப் பறவைக்குப் பூனை யாரென்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சிறகு முளைத்ததும் திறந்துவிட்டால் நேராகப் பூனை அருகிலேயே போய் இறங்கும்.

பெரிய அளவில் இதே கதை தீவுகளில் நடந்தது. பாலூட்டி வேட்டையாடிகளே இல்லாத இடத்தில் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த பறவைகளுக்குப் பூனை என்பது புதிய பொருள். நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனைகள் வந்தன. பறக்கத் தெரியாத ஒரு சிட்டு இனம் ஓரிரு ஆண்டுகளுக்குள் முற்றாக அழிந்தது. காவலாளியின் ஒற்றைப் பூனையே எல்லாவற்றையும் தின்று தீர்த்தது என்று சுவையாகச் சொல்வார்கள். உண்மையில் தீவில் பூனைகள் பெருகிவிட்டிருந்தன. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவில் எலி பிடிக்க 1949-இல் விட்ட ஐந்து பூனைகள் 1970-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 3,400 ஆயின. ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கடற்பறவைகளைக் கொன்றன. 1991-இல்தான் கடைசிப் பூனையை அகற்றினார்கள்.

எனக்கு இதில் மனதைப் பிசைவது நியூசிலாந்தின் காக்கப்போ. பறக்காத, இரவில் திரியும் பெரிய பச்சைக்கிளி. ஆபத்து என்றால் அது ஓடாது. அப்படியே உறைந்து நிற்கும். பாசிநிற உடம்பு காட்டோடு கலந்துவிடும். அதன் பழைய எதிரிகள் கண்ணால் தேடும் கழுகுகள்; அவற்றிடம் இந்த உத்தி பலித்தது. பூனை மூக்காலும் தேடுகிறது. காக்கப்போவின் உடம்பிலோ தேன் கலந்தாற்போல் நல்ல வாசனை. ஸ்டூவர்ட் தீவில் 1970-களின் இறுதியில் மிச்சமிருந்தவற்றைப் பூனைகள் கொன்று குவிக்க, உயிரோடு இருந்தவற்றை 1980-களில் பூனையில்லாத தீவுகளுக்கு மாற்றித்தான் இனத்தைக் காப்பாற்ற முடிந்தது.

வீட்டுப் பறவைகளில் கோழியைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. வளர்ந்த நாட்டுக்கோழியைப் பூனை தொடாது. சண்டைச் சேவலிடம் வாலாட்டினால் பூனைக்குத்தான் அவமானம். குஞ்சு பொரித்த பேடை பூனையைக் கண்டால் உடம்பை இரு மடங்காக உப்பிக்கொண்டு பாயும். ஆனால் அது பாய்வதற்கு முன் கொடுக்கும் குரலைக் கவனியுங்கள். பருந்து நிழலுக்கு ஒரு குரல், தரையில் வருகிறதற்கு வேறு குரல். முன்னதற்குக் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே பதுங்கும், இல்லையேல் தாயின் சிறகடியில் நுழையும். பின்னதற்கு நிமிர்ந்து பார்த்து விலகும். மார்லரும் கிறிஸ் எவன்ஸும் கோழிகளுக்குத் திரையில் படம் காட்டியே இந்த வேறுபாட்டைச் சோதித்தார்கள். ஒக்கூர் மாசாத்தியார் திரையில்லாமலே பார்த்திருக்கிறார். குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்துவிட, புகும் இடம் தெரியாமல் ஒன்றாகக் கூடித் தவிக்கும் குஞ்சுகளைக் குறுங்கால் பேடை கூவி அழைக்கிறது. வீட்டுக் கோழி, வேலி, அந்தி, காட்டுப்பூனை, திக்குத் தெரியாத குஞ்சுகள். ஒரு விவரம்கூடத் தப்பில்லை. இன்றும் பூனை வருவது அந்த நேரத்தில்தான்.

கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், பூனை பக்கத்து வீட்டில் நடந்தாலே அது தகரத்தை உரசுகிற குரலில் அறிவித்துவிடும். காவலுக்கென்றே அதை வைத்திருப்பவர்கள் உண்டு. அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். வான்கோழிகள் பூனையைச் சூழ்ந்து நின்று விறைப்பாகப் பார்க்கும். வாத்துகள் ஒரே கொத்தாகச் சேர்ந்து தண்ணீரை நோக்கி ஓடும். பந்தயப் புறா வளர்ப்பவர்களின் நிலைமைதான் மோசம். இரவில் ஒரு தடவை பூனை கூண்டுக்குள் புகுந்துவிட்டால், மிஞ்சிய புறாக்கள் மறுநாள் பறந்துவிட்டு உள்ளே இறங்க மறுக்கும். வீடு திரும்புவதற்கென்றே பழக்கப்பட்ட பறவை வீட்டுக் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கும். கூண்டைப் பலப்படுத்தி, பொறுமையாகத் தீனி காட்டி இறக்க வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் கூண்டுக்கு வருவோம்.

நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி எனப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. அதன் தாய்நாட்டுக்குப் பூனை வந்ததே ஐரோப்பியர் குடியேறிய பிறகுதான். வறண்ட வெளியில் பெருங்கூட்டமாகப் பறந்து திரிந்த அதற்கு முக்கியப் பயம் மேலிருந்து பாயும் வல்லூறுகள். அதற்கு அது கண்ட விடை, கூட்டத்தோடு சட்டென்று எழும்பிப் பறந்துவிடுவது. ஒன்றரை அடிக் கூண்டில் அந்த விடைக்கு இடமில்லை. முதல் சில தடவை படபடத்துக் கம்பியில் மோதிப் பார்க்கும். பயனில்லை என்று தெரிந்தபின் உறைந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாம் கட்டம். ‘பழகிவிட்டது’ என்று பலரும் தவறாக எடுத்துக்கொள்வதும் இதைத்தான்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. பயந்த பட்ஜி இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு மெலிந்து, நீண்டு, கூண்டின் தொலைவான மூலையில் நிமிர்ந்து நிற்கும். கண் பூனையை விட்டு விலகாது. சிலது வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நிம்மதியான பட்ஜி இறகைத் தளர்த்தி, ஒற்றைக்காலில் நின்று, அலகை அரைத்துக்கொண்டு, இறகு கோதும். எனவே பூனை கண்ணில் படும் தூரத்தில் இருக்கும்போது பறவை தின்கிறதா, இறகு கோதுகிறதா, கண் அயர்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அது பழக்கம் இல்லை. நாள்பட்டால் தீனி குறையும், முட்டையிடுவது நிற்கும், பெரிய கிளிகளாக இருந்தால் தன் இறகைத் தானே பிய்க்க ஆரம்பிக்கும்.

காக்டெயில் கிளியில் இதைப் படிப்பது இன்னும் எளிது, கொண்டை சொல்லிவிடும். குத்திட்டு நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, தலையோடு படிந்து ‘ஸ்ஸ்’ என்று சீறினால் பயமும் கோபமும். இரவுப் பீதி இந்தக் கிளிகளிடம் அதிகம் காணப்படும் தொல்லை. இருட்டில் ஏதோ அசைந்தால் குருட்டடியாகப் பறந்து மோதி சிறகை உடைத்துக்கொள்ளும். பூனை இரவில் நடமாடும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். சின்ன இரவு விளக்கு ஒன்று போட்டுவையுங்கள். ஃபின்ச் வகைச் சிறு குருவிகள் இதைவிட மென்மையானவை. பூனை கூண்டின்மேல் ஒருமுறை ஏறினால் உடம்பில் காயமே இல்லாமல் செத்துக் கிடப்பதுண்டு.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பஞ்சவர்ணக்கிளி போன்ற பெரியவை வேறு ரகம். பூனையின் மூக்கைக் கடித்து ஓட ஓட விரட்டும். பூனையைப்போலவே ‘மியாவ்’ சொல்லிக் கூப்பிடும். கைப்பேசியில் வரும் காணொளிகள் எல்லாம் இந்த வகைதான். அவற்றை நட்பு என்று நம்பி இரண்டையும் தனியாக ஒரே அறையில் விட்டுப் போகாதீர்கள். பூனை விளையாட்டாக வைக்கும் ஒரு கீறலே போதும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பூனைப் பிரச்சினை அதற்கு அடுத்தது.

கூண்டை என்ன செய்யலாம்? பூனை ஏறவோ தாவவோ முடியாத இடத்தில், சுவரை ஒட்டி, கண்மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். கீழே மேசை, நாற்காலி, கைப்பிடிச் சுவர் எதுவும் இருக்கக்கூடாது. பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மறைந்திருந்தால் பறவைக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். நாலு பக்கமும் திறந்த கூண்டு அதற்கு நாலு பக்கமும் பயம். வராந்தாவில் வைத்தே ஆக வேண்டுமானால் கம்பிக்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது வலை அடியுங்கள். பூனையின் கை உள்ளே நீளும் தூரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இதைவிட நல்லது, பூனை நுழையாத ஓர் அறை.

பூனை கடித்துவிட்டால், காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலான பூனைகளின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. பூனைக்கு அதனால் ஒன்றுமில்லை. பறவையின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ‘தண்ணீர் குடித்தது, நன்றாகத்தான் இருந்தது, மறுநாள் காலை செத்துக் கிடந்தது’ என்று சொல்பவர்களின் பறவைகள் பெரும்பாலும் இப்படிப் போனவை. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். தகுந்த நோய்க்கொல்லி மருந்தை மருத்துவரே எடை பார்த்துத் தர வேண்டும். சென்னை என்றால் வேப்பேரியில், மேற்கே நாமக்கல்லில், தெற்கே திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

கடைசியாக, பூனை. அதைக் குற்றவாளியாக்கிப் பயனில்லை, ஆனால் அதைச் சும்மா விடுவதும் சரியில்லை. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. பெரும்பகுதி வீடில்லாத பூனைகளின் வேலை. பிடிக்காத பூனையும் கெடுதல் செய்யும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கரும்பறவைக் கூடுகளுக்கு அருகே பாடம் செய்த பூனைப் பொம்மை ஒன்றைக் கால் மணி நேரம் வைத்து எடுத்தார்கள். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குக் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெற்றோர் போட்ட கூச்சலில் கூடு இருக்குமிடம் மற்ற எதிரிகளுக்கும் தெரிந்து, அடுத்த ஒரு நாளில் அவை கூட்டைச் சூறையாடுவது கூடியது. கத்துவதற்கும் விலை உண்டு.

பூனைக்கு மணி கட்டலாமா என்பார்கள். ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் வேட்டை பாதியாகக் குறைந்தது, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்டதில் மாற்றமே தெரியவில்லை. அதே ஆய்வில் பலன் தந்தவை வேறு. இறைச்சி மிகுந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது; தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 விழுக்காடு. நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் மோர்சோறும் வைத்துவிட்டு அது குருவி பிடிக்கிறது என்று திட்டுகிறோம். அது இறைச்சியை நம்பியே வாழும்படி அமைந்த விலங்கு. மீனோ கோழியோ முட்டையோ ஒழுங்காகக் கிடைத்தால் மதில் ஏறும் வேகம் கொஞ்சம் தணியும்.

குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் வாரங்களில் மட்டுமாவது, விடியலிலும் அந்தியிலும் பூனையை உள்ளே வைத்திருங்கள். மைனாவும் சின்னானும் சரியாகப் பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டிலிருந்து வெளியே வந்துவிடும். ஒருசில நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும்தான் இருக்கும். கீழே நிற்கும் குஞ்சை அனாதை என்று நினைத்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் கட்டுக்கதை. பூனைக்கு எட்டாத கிளையில் எடுத்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தாய்ப்பறவை உங்களையும் சேர்த்துத் திட்டும். திட்டிக்கொண்டே இரை கொண்டுவரும்.